வார்டில் மாத்திரை மாறினால்

"இது நாங்க வீட்ல போடுற மாத்திரை இல்லையே, ஏன் மாத்திக் குடுத்தீங்க?" வார்டில் நோயாளி சேர்ந்த அன்றைக்கே உடன் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. மருத்துவமனை மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நிம்மதிதான். கேட்காமல் வாங்கி விழுங்கிவிட்டு, வீட்டுக்குப் போய் பழையதையும் சேர்த்துப் போடுகிறவர்களை நினைத்துத்தான் பயம்.

எந்த மருத்துவமனையும் சந்தையில் இருக்கும் எல்லா மருந்தையும் வாங்கி அடுக்குவதில்லை. மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர், நிர்வாகத்தினர் கொண்ட ஒரு மருந்துக் குழு உட்கார்ந்து, எந்த மருந்துகள் இங்கே இருக்கும் என்று பட்டியல் போடும். ஃபார்முலரி என்பது அதுதான். மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் என்ஏபிஹெச் அமைப்பின் சான்று வேண்டுமென்றால் இந்தப் பட்டியல் கட்டாயம். அரசு மருத்துவமனைகளுக்கு 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் போட்டு, மூலமருந்தின் பெயரிலேயே, அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் உள்ளே வேலை செய்யும் மருந்தின் பெயரிலேயே, வாங்கிக் கொடுக்கிறது. அங்கே பிராண்ட் சண்டைக்கே பெரிதாக இடமில்லை. தனியாரில்தான் சிக்கல். ஒரே மூலமருந்துக்கு இங்கே டஜன் கணக்கில் பிராண்டுகள். எல்லாவற்றையும் வைத்தால் ஒரே மாதிரிப் பெயர்களில் நர்ஸ் குழம்புவார், பாதி மருந்து காலாவதியாகும். ஒரு பிராண்ட் உள்ளே வருவதற்கு அதில் கிடைக்கும் லாபமும் சில இடங்களில் காரணமாக இருக்கிறது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விலை அதிகமாகத் தெரிந்தால், அதே மூலமருந்தில் விலை குறைந்தது பட்டியலில் இருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள்.

மாற்றுவதில் இரண்டு வகை உண்டு. மூலமருந்தும் அளவும் அதே, கம்பெனி மட்டும் வேறு என்பது ஒன்று. மூலமருந்தையே மாற்றுவது இன்னொன்று: வயிற்று அமிலத்துக்கு ரபெப்ரசோல் 20 மில்லிகிராமுக்குப் பதில் பான்டோப்ரசோல் 40, கொழுப்புக்கு ரோசுவாஸ்டாடின் 10-க்குப் பதில் அடோர்வாஸ்டாடின் 20. இரண்டாவதை மருத்துவர் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே உள்ள மெடிக்கல் ஷாப்பில் முதல் வகைக்கே அனுமதி இல்லை. ஷெட்யூல் ஹெச் மருந்துக்கு, அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய மருந்துக்கு, சீட்டில் இருப்பதை விட்டு வேறொன்றை, அதே மூலமருந்தாக இருந்தாலும், கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது என்று 1945-ஆம் வருட மருந்து விதிகள் சொல்கின்றன. "அதேதான் சார், கம்பெனி மட்டும் வேற" என்று கவுன்டரில் கேட்டுப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

பெரும்பாலான மருந்துகளில் கம்பெனி மாறுவதால் ஒன்றும் ஆகாது. சிலவற்றில் மட்டும் ஆகும். வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், தைராய்டு குறைவுக்கான தைராக்சின், மனநோய்க்கான லித்தியம், சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கான டாக்ரோலிமஸ் ஆகியவற்றில் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. 1960-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஃபெனிடாயின் கேப்சூலில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. ஆனால் உடம்பு அதிகமாக உறிஞ்சிக்கொண்டது. தள்ளாட்டமும் தலைசுற்றலுமாக நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். இதனால்தான் நல்ல ஃபார்முலரிகளில் இந்த மருந்துகளுக்கு எதிரே "மாற்றக் கூடாது" என்று குறித்திருக்கும்.

இன்சுலினில் வேறு மாதிரி ஆபத்து. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சிலும் சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். வீட்டில் குப்பி, வார்டில் பேனா, டிஸ்சார்ஜில் மறுபடி குப்பி என்று மாறும்போது மூடியின் நிறத்தையும் லேபிளில் உள்ள எண்ணையும் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

நான் அதிகம் பார்க்கும் தொல்லை இதைவிடச் சாதாரணமானது. ரிவியூவுக்கு வரும் பெரியவர்களிடம் மாத்திரைப் பையைக் கேட்டு வாங்கி மேஜையில் கொட்டுவேன். ஒருவர் பையில் பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டான் இரண்டு பெயரில் இருந்தது.

"ரெண்டும் ஒரே மாத்திரைதான் ஐயா."

"எப்படிம்மா? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரோஸ். இது நம்ம டாக்டர் குடுத்தது, அது ஆஸ்பத்திரியில குடுத்தது."

காலையில் எழுந்தால் கிறுகிறுப்பு என்றுதான் அவர் வந்திருந்தார். பட்டியலுக்காக வார்டில் பிராண்டை மாற்றினார்கள், சரி. அந்தப் புதுப் பெயரையே டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிவிட்டு, பழையதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். கூட்டு மருந்துகள் சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டென்றாலும், மூலமருந்தின் பெயர் பிராண்ட் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-இல் விதி வந்துவிட்டது. அட்டையைத் திருப்பிப் பார்த்து, ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் போன் பண்ணிக் கேளுங்கள். வீட்டுக்குப் போகும் முன் பழைய அட்டைகளையும் கொண்டுவந்து காட்டி, எது தொடரும், எது நிறுத்தம் என்று எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

அடுத்தது பூட்டி வைத்திருக்கும் மருந்துகள். "டாக்டரே எழுதிட்டாரு, பார்மசி ஏன் ஃபார்ம் கேக்குது?" என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது: வழக்கமான தொற்றுகளுக்கு முதலில் கொடுக்கலாம், கவனத்தோடு, கடைசிக் கையிருப்பு. மெரோபெனெம் இரண்டாவதிலும் கொலிஸ்டின் மூன்றாவதிலும் வரும். கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. அதுவும் கேட்காத கிருமி வந்துவிட்டால் கையில் அதிகம் மிச்சமில்லை. கோழித் தீவனத்தில் போய்க்கொண்டிருந்த அதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்ததும் இதனால்தான். ஆகவே யாருக்கு, எதற்காக, எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்றா என்று எழுதிக் கேட்கிறோம். 48 முதல் 72 மணி நேரத்தில் ரிசல்ட் பார்த்து, எளிய மருந்தே போதுமென்றால் அதற்கு மாற்றச் சொல்கிறோம்.

ஆனால் ஒன்று. ரத்தத்தில் கிருமி பரவி பிரஷர் இறங்கும் நோயாளிக்கு, கையெழுத்துக்காக முதல் டோஸ் காத்திருக்கக் கூடாது. முதல் டோஸ் உடனே, ஃபார்ம் பிறகு என்பதுதான் ஒழுங்கான விதி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒப்புதல் தர ஆள் இல்லாத ஃபார்முலரி, காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்தானது.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினுக்கு இரட்டைப் பூட்டு, தனி ரெஜிஸ்டர், காலி ஆம்பூலைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கெடுபிடியைப் பார்த்துப் புற்றுநோய் நோயாளியின் வீட்டார் "அது கடைசியில குடுக்குற மருந்து" என்று பயந்து மறுத்துவிடுகிறார்கள். பூட்டு களவு போகாமல் இருக்கத்தான், வலியோடு கிடப்பவருக்குத் தராமல் இருக்க இல்லை. 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தியதே, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் இது சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால் வலி நிவாரணப் பிரிவு உள்ள இடத்துக்கு எழுதித் தரச் சொல்லலாம்.

பட்டியலில் இல்லாத மருந்து தேவைப்பட்டால் மருத்துவர் காரணம் எழுத, நாங்கள் வெளியிலிருந்து தருவிப்போம். அதற்கு ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால் டாக்ரோலிமஸ், வலிப்பு மருந்து மாதிரி ஒரு வேளைகூடத் தவறக் கூடாததைச் சாப்பிடுகிறவர்கள் அட்மிட் ஆக வரும்போது இரண்டு மூன்று நாளுக்கானதை அட்டையோடு கொண்டுவாருங்கள். டப்பாவில் உதிர்த்துப் போட்டுக் கொண்டுவந்தால் பெயரும் தேதியும் தெரியாது, நாங்கள் ஏற்க முடியாது. கொண்டுவந்ததைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளாமல் சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். சார்ட்டில் ஏற்றி, வேளாவேளைக்கு அவர்களே தருவார்கள்.