நல்லவனுக்கு மார்க் போடாத கேம்கள்

தி விட்சர் முதல் பாகம், 2007இல் வந்தது. போலந்தின் வார்சாவில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட் உருவாக்கிய முதல் கேம். விசிமா நகரத்துக்கு வெளியே ஒரு கிராமம். அங்கே ஹாரன் ப்ராக் என்கிற வியாபாரியின் பெட்டிகளுக்கு ஆற்றங்கரையில் ராத்திரி காவல் இருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து ஏறிவரும் பிணப்பேய்களை வெட்டித் தள்ளுகிறோம். அப்பாடா, முடிந்தது என்று நினைக்கும்போது எல்ஃப் கிளர்ச்சிக்காரர்கள் சிலர் வந்து பெட்டிகளைக் கேட்கிறார்கள். கொடுத்து அனுப்பலாம், இல்லை சண்டை போடலாம். கொடுத்துவிட்டால் எதுவும் ஆகாது. அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள், திரையில் எந்தப் புள்ளியும் ஏறாது, இறங்காது, நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அடுத்த அத்தியாயத்தில், பல மணி நேரம் விளையாடிய பிறகு, நகரத்துக்குள் ஒரு விசாரணை. அதற்காகப் பேச வேண்டிய ஆட்களில் போதைமருந்து விற்கும் ஒருவனும் இருக்கிறான். தேடிப் போனால் அவன் கொலையாகிக் கிடக்கிறான். அந்த இடத்தில் கேம் கொஞ்சம் நின்று, ஓவியம் மாதிரி சில படங்களைக் காட்டி, நாம் ஆட்டுவிக்கும் நாயகன் ஜெரால்ட்டின் குரலிலேயே விஷயத்தை விளக்குகிறது: அன்றைக்கு ஆற்றங்கரையில் கைமாறியது ஆயுதம், அது நகரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

ஃபேன்டஸி ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி கதைக்குள் விளையாடும் கேம், ஒன்று பெரியவர்களுக்கானது என்று பேச்சு வந்தாலே ரத்தம், நிர்வாணம், கெட்டவார்த்தை என்றுதான் ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய இஎஸ்ஆர்பி என்கிற, எந்த வயதுக்கு எந்த கேம் என்று சொல்லும் தர முத்திரையும் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறது: திரையில் என்ன தெரிகிறது, காதில் என்ன விழுகிறது. அது பெற்றோருக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் விளையாடி முடித்து ராத்திரி படுத்த பிறகும் ஒரு முடிவு மண்டையைக் குடைகிறதென்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ரத்தம் இல்லை. நாம் செய்ததையெல்லாம் கேம் எங்கே எழுதி வைக்கிறது, அந்தக் கணக்கை நமக்குக் காட்டுகிறதா, காட்டினால் எப்போது காட்டுகிறது, இந்த மூன்றும்தான் காரணம். இதில் மந்திரம் எதுவும் கிடையாது. உள்ளே நடப்பது ரொம்ப எளிமையான வேலை.

முதல் விட்சர், பயோவேர் என்கிற ஸ்டுடியோவின் ஆரோரா என்ஜினை (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை) வாங்கி மாற்றியமைத்து எடுக்கப்பட்டது. 2002இல் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் கேமுக்காக உருவான என்ஜின் அது. ஆற்றங்கரையில் நாம் பெட்டிகளைக் கொடுத்த அந்த நொடியில் இப்படியொரு என்ஜின் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு எண், அதைக் குறித்துக்கொள்கிறது. புரோகிராமர்கள் இதை ஃப்ளாக் என்பார்கள். விட்சர் 3இன் ஸ்கிரிப்டுகளில், அதாவது கேமுக்குள் ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்களில், இதற்கு ஃபேக்ட் என்று பெயர். ஒரு இடத்தில் சேர்ப்பார்கள், வேறொரு இடத்தில் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள், அவ்வளவுதான். மளிகைக்கடை அண்ணாச்சியின் கடன் நோட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை, மாசக் கடைசியில்தான் விரித்துக் காட்டுவார். சேவ் ஃபைலோடு சேர்ந்து அந்த எண்ணும் டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அத்தியாயம் மாறும்போது ஒரு ஸ்கிரிப்ட் வந்து கேட்கும்: அந்த ஃப்ளாக் 1ஆ? ஆமாம் என்றால் அந்த ஆள் செத்தான்.

இதில் சாமர்த்தியம் எழுதுவதில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. விளைவு உடனே தெரிந்தால் நாம் எல்லாரும் என்ன செய்வோம் என்று சொல்லத் தேவையில்லை. லோடு, அதாவது பழைய சேவைத் திறந்து அங்கிருந்து மறுபடி ஆடுவது. பிடிக்கவில்லையா, மறுபடி லோடு. டயலாக் வரும் முன்னால் ஒரு சேவ், வந்த பிறகு ஒரு சேவ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு எந்தப் பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துத் தேர்வு செய்வோம். முடிவெடுக்கிறோம் என்று பெயர், உண்மையில் விலைப்பட்டியல் படிக்கிறோம். விளைவு பல மணி நேரம் தள்ளி வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. திரும்பிப் போக வேண்டுமென்றால் நடுவில் செய்த அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும், அதற்குள் வேறு பத்து விஷயங்களை முடித்து அவற்றின் மேல் ஒரு பற்றும் வந்திருக்கும். ஆக, நடந்தது நடந்ததுதான் என்று முன்னே போகிறோம். வாழ்க்கையில் லோடு பட்டன் இல்லை என்கிற உணர்வை, லோடு பட்டனைப் பிடுங்காமலேயே கேம் உண்டாக்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்து ஆர்பிஜி வடிவமைப்பில் இதைவிட மலிவான, இதைவிட நல்ல தந்திரம் கிடையாது.

அப்படியானால் எல்லா முடிவுக்கும் தனித்தனிக் கிளை வைத்தால் என்ன? வைக்க முடியாது. இரண்டிரண்டு வழி உள்ள முடிவுகள் 10 இருந்தால் 1,024 பாதைகள். 20 இருந்தால் 10,48,576. எந்த ஸ்டுடியோவாலும் அத்தனைக்கும் வசனம் எழுதிக் குரல் பதிவு செய்து முடியாது. அதனால் கதை கொஞ்ச தூரம் பிரிந்து மறுபடி ஒரே வாசலில் வந்து சேரும்படி கட்டுவார்கள். நம் போதைமருந்து வியாபாரி செத்தாலும் விசாரணை நின்றுவிடாது, வேறு வழியாகத் தகவலைப் பிடித்து அதே இடத்துக்குப் போய்ச் சேருவோம். இது ஏமாற்று வேலை என்று சிலருக்குக் கோபம். எனக்கு இல்லை. ஒருவன் செத்தது நம்மால்தான் என்பது கிளை பிரிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது கிடையாது.

சரி, இப்போது மீட்டர்: நாம் எவ்வளவு நல்லவன், எவ்வளவு கெட்டவன் என்று அளந்து காட்டும் முள்.

2003இல் வந்த நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் கேமில் நல்லது செய்தால் ஒளிப் பக்கம் முள் நகரும், கெட்டது செய்தால் இருட்டுப் பக்கம். 2004இன் ஃபேபிளில் கெட்டவனாக இருந்தால் தலையில் கொம்பே முளைக்கும், நல்லவனுக்கு ஒளிவட்டம். வேடிக்கையாக இருக்கும், விளையாடியவர்களுக்கு அது பிடிக்கவும் செய்யும். சிக்கல் எங்கே என்றால், ஓல்ட் ரிபப்ளிக்கில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோமோ அந்தப் பக்கத்துச் சக்திகள் குறைந்த செலவில் கிடைக்கும். அதனால் நடுவில் நிற்பது நஷ்டம். நல்ல பக்கம் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு நூறு இடத்தில் கேள்வி கேட்டாலும் பதில் ஒன்றுதான். பிச்சைக்காரருக்குக் காசு கொடுக்கிறோமே, அது அவர் முகத்தைப் பார்த்தா, முள்ளைப் பார்த்தா?

1973இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பர், டேவிட் க்ரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து வகுப்பில் அதே பேனாக்களைச் சும்மா வைத்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்தது கூலிவேலை ஆகிவிட்டது. அந்தச் சோதனை கேமைப் பற்றியது இல்லைதான். ஆனால் அறத் தேர்வுக்குப் பக்கத்திலேயே பிளஸ் 5 என்று போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க அதைவிட நல்ல ஆரம்பம் எனக்குக் கிடைக்கவில்லை. உதவி செய்யத் தோன்றியது என்பது போய், உதவி செய்தால் என்ன வரும் என்பது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதல் விட்சரே இந்தக் குழியில் விழுந்த கேம்தான், அதுவும் எங்கே தெரியுமா? ஒரு பெண்ணோடு ஜெரால்ட் படுத்தால் அவள் படம் போட்ட சீட்டு ஒன்று பரிசாகக் கிடைக்கும், சேர்த்து வைக்கலாம். வயது வந்தவர்களுக்கான கேம் என்று முத்திரை குத்த வைத்த சங்கதிகளில் அதுவும் ஒன்று, ஆனால் மொத்த கேமிலேயே அதைவிடச் சின்னப்பிள்ளைத்தனமான பகுதி கிடையாது. உறவு, உடனே பரிசு, ஆல்பத்தில் அடுத்த கட்டம் காலி. ஆற்றங்கரையை எழுதிய அதே ஸ்டுடியோ இதையும் செய்தது என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

கணக்கை மறைத்து வைப்பது புதுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1985இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் ரிச்சர்ட் காரியட் எடுத்த அல்டிமா 4இல் கடைசியில் வெட்டிச் சாய்க்க ஒரு பெரிய வில்லனே கிடையாது. எட்டு நற்குணங்களில் தேற வேண்டும், அதுதான் கதை. மந்திரத்துக்கான மூலிகைகளை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. சரக்கை எடுத்துக்கொண்டு எவ்வளவு காசு போடுகிறோம் என்று நாமே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துப் போட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், திரையும் ஒன்றும் சொல்லாது. உள்ளே நேர்மை முதலான குணங்களுக்கான எண்கள் மட்டும் சரிந்துவிடும். நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமென்றால் கோட்டைக்குப் போய் ஹாக்விண்ட் என்கிற ஞானியைக் கேட்க வேண்டும். அவரும் எண்ணைச் சொல்ல மாட்டார், பொதுவாகத்தான் பேசுவார். ஓட்டை இல்லாமல் இல்லை. பிச்சைக்காரருக்கு ஒரே ஒரு காசு போட்டாலும் கருணை ஏறும் என்று கண்டுபிடித்தவர்கள் ஒவ்வொரு காசாகப் போட்டே கருணையில் தேறினார்கள்! மறைத்து வைத்தாலும் எண் எண்தான், ஆட்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

பயோவேர் 2009இல் டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸில் நல்லது கெட்டது மீட்டரைத் தூக்கிவிட்டு, கூட வருபவர்களுக்கு நம்மை எவ்வளவு பிடிக்கிறது என்கிற அளவை வைத்தார்கள். நல்ல மாற்றம். ஒரே செயலுக்கு ஒருத்தி சந்தோஷப்படுவாள், இன்னொருவன் முறைப்பான். கொடுமை என்னவென்றால் அந்த அளவைப் பரிசுப்பொருள் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். கிராமத்தையே கைவிட்டுவிட்டு வந்து ஒரு நகையை நீட்டினால் சரியாகிவிடுகிறது.

தாமதமும் மீட்டர் இல்லாமையும் சேர்ந்து முழு வீச்சில் வேலை செய்வதைப் பார்க்க விட்சர் 3க்கு, 2015க்கு, வர வேண்டும். வெலன் என்கிற சதுப்புநிலப் பகுதியை ஆளும் பிலிப் ஸ்ட்ரெங்கருக்கு ப்ளடி பேரன் (Bloody Baron, ரத்தக்கறை பிரபு) என்று பட்டப்பெயர். மனைவியையும் மகளையும் காணவில்லை, கண்டுபிடித்துக் கொடு என்கிறான். தேடத் தேட, அவன் குடித்துவிட்டு மனைவியை அடித்ததும் அவளுக்குக் கரு கலைந்ததும் தெரியவருகிறது. பெயர் வைக்காமல் புதைக்கப்பட்ட அந்தச் சிசு பேயாகி எழுந்துவிட்டது. அதைக் கொன்று போடலாம். அல்லது அவனே அதைக் கையில் ஏந்திக்கொண்டு, கொட்டும் மழையோ இல்லையோ, ராத்திரியில் வீட்டு வாசல்வரை நடந்து, பெயர் வைத்து, வாசற்படிக்குக் கீழே புதைக்க வேண்டும். நாம் பக்கத்தில் நடக்கிறோம். அது அவன் கையில் நெளியும்போதெல்லாம் மந்திரம் போட்டு அமைதிப்படுத்துகிறோம். நம் கையில் இருக்கும் பட்டனுக்கு அந்த நேரத்தில் அவ்வளவுதான் வேலை. அவனை மன்னித்தோமா என்று கேம் கேட்கவே இல்லை. அழுதால் பரிதாபமாக இருக்கிறது, அடித்தவன் என்பதும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு எண்ணாக்கித் தர யாரும் இல்லை.

அப்புறம் அதே வெலனில் ஒரு குன்று. ஒரு மரத்துக்கு அடியில் ஆவி ஒன்று அடைபட்டிருக்கிறது. என்னை விடுவித்தால் சதுப்பு நிலத்து அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. அதை ஒழித்துவிடச் சொல்லி அனுப்பியவர்களோ மூன்று சூனியக் கிழவிகள், அவர்களும் யோக்கியம் கிடையாது. விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள், பக்கத்துக் கிராமம் அழிகிறது, ஸ்ட்ரெங்கரின் மனைவி சாபத்தில் உருமாறி இறந்துபோகிறாள், அவனும் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் போய்விடுகிறார்கள். அவள் புத்தி பேதலித்தாலும் உயிரோடு இருக்கிறாள், வைத்தியம் தேடி அவன் அவளை மலைக்குக் கூட்டிப் போகிறான். முடிவெடுக்கும்போது இதில் பாதிகூட நமக்குத் தெரியாது. அதே நேரம் கேம் நம்மை முட்டாளாக்கவும் இல்லை, ஆவி நம்பத்தகுந்தது இல்லை என்பதற்கான தடயங்கள் பேச்சிலேயே கிடக்கின்றன. இந்த அளவுதான் கஷ்டம். தடயமே இல்லாமல் பின்னால் அடித்தால் அது லாட்டரி, விளையாடுபவனுக்குக் குற்றவுணர்ச்சி வராது, எரிச்சல்தான் வரும். தடயம் அதிகமாகிவிட்டால் பழையபடி விலைப்பட்டியல்.

எந்தப் பக்கம் போனாலும் சாவு என்று எழுதிவிட்டால் முதிர்ச்சி வந்துவிடும் என்று நம்பும் கேம்கள் நிறைய உண்டு. எல்லாரும் துரோகி, எல்லாம் இருட்டு, ஹீரோ ஒரு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். பதினாறு வயதுச் சோகம் அது. எது செய்தாலும் கெட்டதுதான் நடக்கும் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

இவ்வளவு நன்றாக வேலை செய்கிற விஷயத்தை ஏன் எல்லாரும் செய்வதில்லை என்றால், பணம். 2011இல் விட்சர் 2 ஒரு துணிச்சலான காரியம் செய்தது: முதல் அத்தியாயத்தின் கடைசியில் ரோச் என்கிற படைத்தலைவனோடு போகிறோமா, யோர்வெத் என்கிற எல்ஃப் கிளர்ச்சித் தலைவனோடு போகிறோமா என்பதைப் பொறுத்து இரண்டாம் அத்தியாயம் மொத்தமும் மாறிவிடும். வேறு முகாம், வேறு ஆட்கள், வேறு வேலைகள். ஒருமுறை மட்டும் விளையாடி முடிப்பவர் இன்னொரு பாதியைப் பார்க்கவே மாட்டார். அந்தப் பாதிக்கும் வரைந்தவர்கள், எழுதியவர்கள், குரல் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பட்ஜெட் கூட்டத்தில் இதற்குக் கையெழுத்து வாங்குவதைவிட, திரை ஓரத்தில் ஒரு மீட்டரை வைத்துவிட்டுப் போவது எவ்வளவோ சுலபம்.