அனிமேஷன்: அசைவூட்டலா, உயிரூட்டலா?

உயர்நிலைப் பள்ளிக் கணினி வகுப்பில் அனிமேஷன் தொடங்கும்போது மாணவருக்குக் கிடைக்கும் முதல் வேலை அநேகமாக ஒரு பந்துதான். வட்டம் ஒன்றை வரைந்து திரையின் மேற்பகுதியில் வைப்பார்கள். காலக்கோட்டில் (படத்தின் நேரத்தைக் காட்டும் பட்டை) சற்றுத் தள்ளிப் போய் அதே வட்டத்தைக் கீழே இறக்கி வைப்பார்கள். ஓட விட்டால் பந்து கீழே வரும். வரும்தான், ஆனால் விழாது. லிஃப்டில் ஏறி இறங்குவதுபோல் ஒரே சீராக இறங்கித் தரையில் நிற்கும். அசைவு இருக்கிறது, என்னவோ குறைகிறது. குறைவது எது என்பதை அனிமேஷன் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

லத்தீனில் ‘அனிமா’ என்றால் மூச்சு. மூச்சிலிருந்து உயிர், ஆன்மா என்று பொருள் விரிந்தது. ‘அனிமாரே’ என்றால் உயிர் கொடு. அந்த வினையின் பெயர் ஆங்கிலத்துக்குப் போய் அனிமேஷன் ஆனது. மூச்சு விடுவதால் விலங்குக்கு ‘அனிமல்’ என்று பெயர். கிரேக்கத்தில் காற்றைக் குறிக்கும் ‘அனெமோஸ்’ இதன் உறவு. வடமொழியில் மூச்சுவிடுதலைக் குறிக்கும் ‘அன்’ என்ற வேரும் அதே குடும்பம். பிராணன் அதிலிருந்து வந்தது, காற்றுக்கு நம் நிகண்டுகள் சொல்லும் அனிலம் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. தமிழ் வேறு மொழிக் குடும்பம். ஆனாலும் இந்த இடத்தில் தமிழும் அதே வழியில்தான் போயிருக்கிறது. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், உயிர்ப்பு என்றால் மூச்சு, பெருமூச்சு நெட்டுயிர்ப்பு. உயிர் என்ற சொல்லே மூச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கவனித்தால், வேர்ச்சொல்லில் அசைவு என்ற பொருளே கிடையாது. உயிருள்ளது அசையும் என்பதால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பல காலம் துடிப்பு, உற்சாகம் என்ற பொருளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஓவியங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் கலைக்கு அது பெயரானது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

கலை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோ (தத்துவஞானி பிளேட்டோ அல்ல, இவர் இயற்பியலாளர்) 1832இல் சுழலும் வட்டு ஒன்றைச் செய்தார். விளிம்பில் படங்கள், இடையிடையே பிளவுகள். கண்ணாடி முன் நின்று வட்டைச் சுழற்றிப் பிளவின் வழியே பார்த்தால் படம் ஆடும். பிரான்ஸின் எமில் ரேனோ 1877இல் கண்ணாடிகள் பதித்த உருளையை உருவாக்கினார். 1892இல் பாரிஸில் தாம் வரைந்த நீண்ட படச்சுருளைத் திரையில் ஓட்டிப் பொதுமக்களுக்குக் காட்டினார். லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரைப்படம் காட்டியதற்கு அது மூன்று ஆண்டுகள் முந்தியது. தம் காட்சிகளுக்கு ரேனோ வைத்த பெயர் ‘ஒளிரும் ஊமைக்கூத்து’. சொல்லப்போனால் அனிமேஷனைவிட அழகான பெயர், நிலைக்கவில்லை.

கார்ட்டூனும் அனிமேஷனும் ஒன்று என்று வகுப்பில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இத்தாலிய மொழியில் ‘கார்ட்டோனே’ என்றால் தடித்த தாள். சுவரோவியத்துக்கு முன் அந்தத் தாளில் முழு அளவில் போட்ட மாதிரி வரைபடத்தின் பெயர் அது. 1843இல் லண்டனின் ‘பஞ்ச்’ இதழ் கேலிச்சித்திரத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. கார்ட்டூன் ஒரு வகை ஓவியம்; அனிமேஷன் ஒரு தொழில்நுட்பம். களிமண் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்தாலும் அனிமேஷன்தான், அதில் ஒரு கோடுகூட வரைய வேண்டியதில்லை.

தமிழுக்கு வருவோம். இயங்குபடம், அசைபடம், அசைவூட்டம், அசைவூட்டல், உயிரூட்டல் எனப் பல சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாம் ஒன்றே என்று விட்டுவிடுவதற்கில்லை.

இயங்குதல் தன்வினை, இயக்குதல் பிறவினை. இயங்குபடம் என்றால் தானாக இயங்கும் படம். ஒருவர் உட்கார்ந்து இயங்க வைக்கிறார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. நடிகர்களை வைத்து எடுத்த சாதாரணத் திரைப்படத்தையும் இயங்குபடம் என்று சொல்லலாம் என்பது இன்னொரு சிக்கல். அசைபடம் சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது. அரட்டையில் அனுப்பும் ஜிஃப் துணுக்குகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். விளைந்த படத்தைச் சொல்கிறதே தவிர, படைக்கும் வேலையைச் சொல்லவில்லை.

‘ஊட்டு’ சேர்ந்தால் கதை மாறுகிறது. ஊட்டுதல் என்பது உண்ணுதலின் பிறவினை. நிறமூட்டு, ஊக்கமூட்டு, வெப்பமூட்டு என்று எங்கே வந்தாலும், ஒன்றிடம் இல்லாததை இன்னொருவர் அதற்குக் கொடுக்கிறார் என்ற பொருள் அதில் இருக்கும். அசையாத படத்துக்கு அசைவை ஊட்டுகிறோம். வேலையைக் குறிக்க அசைவூட்டல் என்பதும், துறையையோ விளைந்த படைப்பையோ குறிக்க அசைவூட்டம் என்பதும் பொருந்தும். என் தேர்வு இதுவே.

அப்படியானால் வேர்ப்பொருளுக்கு நேராக நிற்கும் உயிரூட்டலை ஏன் விட வேண்டும்? விடச் சொல்லவில்லை, இடம் வேறு என்கிறேன். திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் (1020) இப்படிப் போகிறது: ‘நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று’. மனத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டும் மரப்பொம்மை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும். வள்ளுவர் பேசுவது ஒழுக்கத்தைப் பற்றி. ஆனால் சொல் தேடுகிறவனுக்கு இது புதையல். இயக்கம் ஒன்று, உயிர் வேறொன்று. கயிறு தருவது இயக்கத்தை. உயிர் இருப்பதாகத் தோன்றுவது மருட்சி. டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் தம் தொழிலின் 12 நெறிகளைத் தொகுத்து 1981இல் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழாக்கினால் ‘உயிரின் மாயத்தோற்றம்’ என்றுதான் வரும். உயிர்மருட்டல் என்று குறள் சொல்வதற்கும் அதற்கும் இடைவெளியே இல்லை. ஆக, மாணவர் செய்யும் வேலை அசைவூட்டல். அது சரியாக அமைந்தால் பார்ப்பவர் காண்பது உயிர். பாடத்தின் பெயராக முதலாவதை வைப்பதே நேர்மை.

இனி வகுப்பறைச் சொற்கள். முதலாவது ஃப்ரேம், அதாவது சட்டகம். ஓடும் படத்தில் ஒரு கணத்துக்குரிய ஒற்றைப் படம். பேசும்படம் வந்த காலத்திலிருந்து திரைப்படத்துக்கு வினாடிக்கு 24 சட்டகங்கள் என்பது நிலைபெற்ற கணக்கு. கையால் வரைந்தவர்கள் பல இடங்களில் ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி, வினாடிக்கு 12 ஓவியங்களில் சமாளித்தார்கள். அப்படிப் பார்த்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள்.

எல்லாவற்றையும் ஒருவரே வரைய முடியாது என்பதால் படமனைகளில் வேலைப் பிரிவினை வந்தது. மூத்த கலைஞர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார்: கை ஓங்கியது, கை இறங்கியது. இடையில் வரும் நிலைகளை இளையவர்கள் வரைந்து நிரப்புவார்கள். முன்னவை கீ, பின்னவை இன்பிட்வீன். கணினிக்கு வந்தபோது அவை கீஃப்ரேம், ட்வீன் என்று சுருங்கின. இங்கேதான் தமிழாக்கம் சறுக்குகிறது. கீ என்றதும் திறவுச்சட்டகம், விசைச்சட்டகம் என்று எழுதிவிடுகிறார்கள். பூட்டும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. இங்கே கீ என்றால் தலையாயது. முதன்மைச் சட்டகம் என்பதே சரி. ட்வீன் சட்டகங்களை இடைச்சட்டகம் எனலாம், அவற்றை உண்டாக்குவதை இடைநிரப்பல் எனலாம்.

அந்த இளையவர்களின் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்ததுதான் கணினி அசைவூட்டத்தின் பெரிய திருப்பம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெயின் இருவரும் 1970களின் தொடக்கத்தில் அதற்கான மென்பொருளை உருவாக்கினார்கள். அதைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் செய்த ‘பசி’ என்ற குறும்படம் 1974இல் வெளியாகி ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. கணினி இடைநிரப்பலுக்குக் கையாளும் கணக்கின் பெயர் இன்டர்போலேஷன். நம் கணிதப் பாடத்தில் அது இடைச்செருகல். பழைய ஏடுகளில் பிற்காலத்தார் நுழைத்த பாடல்களையும் இடைச்செருகல் என்றே சொல்கிறோம். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலச் சொல்லுக்கும் அந்த இரண்டு பொருளும் உண்டு.

பந்துக்குத் திரும்புவோம். வரைபடத்தாளில் 16 கட்ட உயரம் எடுத்துக்கொள்ளுங்கள். 1ஆம் சட்டகத்தில் பந்து உச்சியில், 13ஆம் சட்டகத்தில் தரையில். இடையில் அரை வினாடி. உண்மையில் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு ஆகும் நேரம். கணினியை அதன் போக்கில் விட்டால் 1, 4, 7, 10, 13 ஆகிய சட்டகங்களில் பந்தின் உயரம் 16, 12, 8, 4, 0 என்று இருக்கும். ஒவ்வொரு முறையும் நான்கு கட்டம். லிஃப்ட் இதுதான். விழும் பொருள் அப்படி விழாது. சம நேரங்களில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களாகப் பெருகும் என்று கலிலியோ கண்டார். அந்தக் கணக்கில் அதே சட்டகங்களில் உயரம் 16, 15, 12, 7, 0. உச்சியில் பந்து தயங்கி நிற்கிறது, தரையை நெருங்கும்போது பாய்கிறது. மாற்றியது மூன்றே எண்களை. ஓட விட்டுப் பாருங்கள், பந்துக்கு எடை வந்துவிடும்.

மென்பொருளில் இந்த வேலைக்கு ஈசிங் என்று பெயர். ஈஸ் இன், ஈஸ் அவுட் என்ற இரண்டும் மாணவரைப் படாதபாடு படுத்தும், காரணம் அவர்கள் அல்ல. பழைய ஓவியக் கலைஞர் ‘இன்’ என்றால் முதன்மை நிலைக்குள் மெல்ல வந்து சேர்வதைச் சொன்னார், அதாவது முடிவில் வேகம் குறையும். வலைப்பக்கங்களை அசைவூட்டும் மொழிகளில் ‘ஈஸ் இன்’ என்றால் தொடக்கத்தில் வேகம் குறைவு. நேர் எதிர். தமிழில் மெல்லத் தொடங்கல், மெல்ல முடித்தல் என்று சொன்னால் குழப்பத்துக்கே வழியில்லை. விழும் பந்துக்கு மெல்லத் தொடங்கல் வேண்டும், மெல்ல முடித்தல் கூடாது. தரையில் மெல்ல முடித்தால் பந்து பஞ்சாகிவிடும்.

மென்பொருளில் இருக்கும் ஆனியன் ஸ்கின் என்ற வசதியை வெங்காயத்தோல் என்று அப்படியே எழுதுகிறார்கள். வெங்காயத்துக்கும் இதற்கும் நேரடி உறவில்லை. அந்தப் பெயரில் ஒளி ஊடுருவும் மெல்லிய தாள் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட தாளில் வரைந்தால் அடியில் இருக்கும் முந்தைய ஓவியம் மங்கலாகத் தெரியும், அதை வைத்து அடுத்ததை வரையலாம். மென்பொருள் அதே வசதியைத் தருகிறது. முந்தைய, பிந்தைய சட்டகங்கள் நிழலாகத் தெரிவதால் நிழற்சட்டகம் எனலாம்.

ரிக்கிங் கப்பலிலிருந்து வந்த சொல். பாய்மரத்தைக் கட்டி இழுக்கும் கயிறுகளின் தொகுதி ரிக்கிங். முப்பரிமாண உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் பொருத்தி, இழுத்தால் கை மடங்கும்படி செய்வதற்கு அதே பெயரை வைத்தார்கள். பொம்மலாட்டம் கண்ட மொழிக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை: நாண் பூட்டல். எலும்புச்சட்டம் என்று எழுதுவதிலும் தவறில்லை. ரெண்டர் என்பதைக் காட்சியாக்கல் என்று சொல்லிவிட்டு நகரலாம். கணினி எல்லாக் கணக்கையும் போட்டு முடித்து ஒவ்வொரு சட்டகத்தையும் படமாக்கித் தருவது அது.

அனிமேட்டர் அசைவூட்டுநர். இயக்குநர், ஓட்டுநர் வரிசையில் இயல்பாக உட்காரும். எழுதும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: அசைவு + ஊட்டல் சேரும்போது நெடில் ஊகாரம் வரும், அசைவூட்டல். பிரித்து எழுதினால் அசைவு ஊட்டல் என்று உகரத்தோடு எழுத வேண்டும். உகரம் தவறி ‘அசைவ ஊட்டல்’ ஆகிவிட்டால் ஆசிரியர் அதைச் சமையல் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்.