பாக்கெட்டில் போட்டிருக்கும் 12 மணி நேரம்

“பாக்கெட்லயே 12 மணி நேரம்னு போட்டிருக்கே டாக்டர்!”

டயப்பரைக் கழற்றினால் பின்புறம் முழுக்கச் சிவந்து, தோல் உரிந்து கிடக்கும். பஞ்சை வைத்தாலே குழந்தை வீறிடும். சரியாக அந்த நேரத்தில்தான் இந்த வாதம் வரும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் எழுதுகிறேன்.

அந்த 12 மணி நேரம் உங்கள் மெத்தைக்கான கணக்கு. அவ்வளவு நேரம் ஒழுகாது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஜெல் சிறுநீரை நன்றாகவே உறிஞ்சும், மறுக்கவில்லை. மலத்தை என்ன செய்யும்? மலத்தில் உள்ள பாக்டீரியா, சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக மாற்றும். தோலுக்கு இயல்பாக உள்ள லேசான அமிலத்தன்மை போய்க் காரம் ஏறும். காரம் ஏறியதும் மலத்தோடு வரும் செரிமான என்சைம்கள் தோலையே அரிக்கத் தொடங்கும். இதெல்லாம் உள்ளே நடந்துகொண்டிருக்க, வெளியே தொட்டுப் பார்த்துவிட்டு “காஞ்சுதானே இருக்கு” என்கிறோம். மாற்றும் நேரத்தைக் குழந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பாக்கெட்டைப் பார்த்து வேண்டாம்.

துவைத்துப் பயன்படுத்தும் பருத்தி நாப்கினை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணமே, அது நனைந்தால் தெரியும் என்பதுதான். குழந்தை சிணுங்கும், கை வைத்தால் ஈரம் படும், உடனே மாற்றிவிடுவீர்கள்.

இன்னொரு காரணம் எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. வயிற்றுப்போக்கு என்று குழந்தையைத் தூக்கி வந்தால், உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் முதலில் கேட்பது “கடைசியா எப்போ யூரின் போச்சு?” என்றுதான். “மூணு டயப்பர் மாத்தினோம்” என்று பதில் வரும். ஒவ்வொன்றிலும் எத்தனை முறை, எப்போது போனது என்று தெரியாமல், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பிறந்து ஒரு வாரமான குழந்தை ஒரு நாளில் 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால், பொதுவாகப் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று கொள்ளலாம். துணி கட்டியிருந்தால் இதை எண்ணிவிடலாம். ‘பால் பத்தலையோ’ என்று கலங்கும் அம்மாக்களுக்கு இந்த எண்ணிக்கையே பெரிய ஆறுதல்.

துணி கட்டிவிட்டால் புண்ணே வராது என்றும் நினைக்காதீர்கள். ஈரத் துணியை மணிக்கணக்கில் விட்டால் டயப்பரைவிட மோசம். அதன்மேல் பிளாஸ்டிக் ஜட்டி வேறு மாட்டி இறுக்கினால் கேட்கவே வேண்டாம்.

தடிமனாகத் துணி கட்டினால் கால் வளைந்துவிடுமா? வளையாது. பிறக்கும்போதே குழந்தைகளுக்குக் கால் சற்று வளைந்துதான் இருக்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தானாக நிமிரும். தொடைகள் விலகியிருப்பது இடுப்பு மூட்டுக்கு நல்லதுதான். கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றுகிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள்.

துவைப்பதில் பெரிய வித்தை இல்லை. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, சோப்பு போகும்வரை அலசுங்கள்; தங்கிய சோப்பும் தோலை எரிக்கும். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம், அதைப் போட்டால் துணி ஈரத்தை உறிஞ்சாது. வெயிலில் காயப்போடுங்கள். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது: மெஷினை நிறைத்துத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைக் கட்டினால்தான் சூழலுக்கு உண்மையான லாபம்.

புண் வந்துவிட்டால் வெறும் தண்ணீரில் துடைத்து, சிறிது நேரம் காற்றாட விட்டு, ஸிங்க் ஆக்ஸைடு கிரீமைத் தடிமனாகப் பூசுங்கள். பவுடர் கூடவே கூடாது, குழந்தையின் மூச்சுக்குள் போகும். இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டாலோ, தொடை மடிப்புக்குள்ளும் சிவந்து சுற்றிலும் புள்ளி புள்ளியாக வந்தாலோ பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அழைத்து வாருங்கள். தயவுசெய்து, கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தடவிவிட்டு வராதீர்கள். மூடிக் கட்டிய இடத்தில் தோல் அந்த மருந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

ஒரேயடியாக மாறச் சொல்லவில்லை. பயணத்துக்கும் இரவுக்கும் டயப்பர் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் பகல் பொழுதில் துணி கட்டிப் பழகுங்கள். டயப்பர் போட்ட இரவிலும் மலம் போயிருந்தால், தூக்கம் கலைந்துவிடுமே என்று பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.