கேத்தலின் அடியில் ஓர் அலகு

போன தவணை ஒரு பாடசாலையில் தரம் 10 விஞ்ஞான வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். புதிதாக வந்த செயற்பாட்டுத் தாள்களை ஆசிரியை எடுத்துக் காட்டினார். 'அவதானம்' என்ற கட்டத்தில் வகுப்பு முழுவதும் ஒரே வசனத்தை எழுதியிருந்தது. ஒரு பிள்ளையிடம் கேட்டேன். "ரியூசன்ல சொல்லித் தந்தவை ரீச்சர், நாங்கள் செய்து பாக்கேல்லை" என்றாள்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது நிமிடப் பாடவேளை. ஆய்வுகூட அலுமாரியில் அமிலப் போத்தல் காலியாகிக் கன காலம். 2007 இல் தரம் 6, 10 இல் தேர்ச்சி மையப் பாடத்திட்டமும் ஐந்து படிநிலைக் கற்பித்தலும் வந்தபோதும் நாங்கள் இப்படித்தான் திணறினோம். 2015 திருத்தத்திலும் அதே நிலை. இப்போது மீண்டும் மாற்றம். ஒவ்வொரு முறையும் வழிகாட்டி நூலும் தாள்களும் காணொளிகளும் வருகின்றன. பிள்ளை செய்து பார்ப்பதற்காக வந்தவை கொப்பியில் நிரப்பும் நோட்ஸாக மாறிவிடுகின்றன. கவலை தருவது இதுதான்.

பொருட்கள் இல்லை என்ற தடையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் அது பாதிதான் உண்மை.

நம் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் படையைப் பாருங்கள். குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கல்லுக்குள் இறங்கும்போது கல்லும் கொஞ்சம் கரைந்து கிணற்றுக்கு வருகிறது. கொதிக்க வைத்தால் அந்த வாயு வெளியேற, கரைந்த கல் கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. கொதிக்க வைத்தால் நீங்கும் நீரின் வன்மை, அதாவது தற்காலிக வன்மை என்ற பாடம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

அந்தப் படையைச் சுரண்டிச் சிறு போத்தலில் போட்டுத் தேசிக்காய்ப்புளி விடுங்கள். குமிழ் வரும். மூடியில் துளையிட்டு ஒரு பழைய சேலைன் குழாயைப் பொருத்தி, அந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விடுங்கள். பால் போலக் கலங்கும். சுண்ணாம்பு நீருக்கு வெற்றிலைச் சுண்ணாம்பே போதும். தண்ணீரில் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வார்த்தெடுக்கலாம். கலங்கியது என்ன என்று கேளுங்கள். போத்தலுக்குள் போட்ட அதே காபனேற்றுத்தான்! சூளையில் சுட்டுச் சுண்ணாம்பானது, தண்ணீரில் நீற்றியது, வாயு சேர்ந்து மறுபடி கல்லானது என்று சுற்று முழுமையாகும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒருகாலத்தில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்குத் தோண்டியதும் இதே சுண்ணாம்புக் கல்லைத்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீறாத சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடாகித் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நீறிய சுண்ணாம்புக் கரைசலையும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகவிடக் கூடாது.

அடர்த்திப் பாடத்துக்குக் குடாநாட்டிலேயே நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நீலம் கரைத்த உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டி வழியே மெல்ல ஊற்றினால் வகுப்பறை மேசையிலேயே அதைக் காட்டலாம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்க முடியும் என்பது கணக்கு. நன்னீர் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்பதைப் பிள்ளையே கணித்துப் பார்க்கட்டும். வெங்காயத் தோட்டத்துக்கு நாள் முழுக்க மோட்டார் போடும் வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் கணக்காக இராது.

கணினி வழி வளங்களும் நல்லவைதான். கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் உருவாக்கிவரும் பெட் (PhET) என்ற உருவகப்படுத்தல்களை நானே பயன்படுத்துகிறேன். அணுவையும் மின்னோட்டத்தையும் கண்ணால் பார்க்க முடியாதே, அங்கே அவை பெரிய உதவி. ஆனால் குமிழ் வருவதைக் காணொளியில் காட்டவேண்டியதில்லை.

கலைச்சொல்லைப் பற்றியும் பயம் வேண்டாம். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. முதலில் பிள்ளை தன் சொல்லில் எழுதட்டும், 'புளி விட்டதும் பொங்குது' என்றே எழுதட்டும். அப்புறம் 'வாயு வெளியேறுகிறது' என்ற சொல்லைக் கொடுங்கள்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். ஒப்படைக்குக் கடையில் ரெஜிபோம் மாதிரியுரு வாங்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளை கேத்தலைச் சுரண்டினால் ஏசாதீர்கள்.

அதே பாடசாலைக்கு இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனேன். ஆசிரியை பிள்ளைகளிடம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். யன்னலோரம் வெயிலில் சில்வர் தட்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் ஊரின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அன்று ரியூசன் வசனத்தைச் சொன்ன அதே பிள்ளை என்னைக் கூப்பிட்டாள். "ரீச்சர், எங்கட தட்டில வெள்ளை கனக்க இருக்கு, பக்கத்து வீட்டுத் தட்டில குறைவு. ஏன்?"

வழிகாட்டி நூலில் அதற்கு விடை இல்லை. அடுத்த பாடவேளையில் இரண்டு கிணறுகளின் ஆழத்தையும் கயிறு விட்டு அளக்கப் போனார்கள்.