காதுக்குள் வழி தவறிய சுண்ணாம்புத் துகள்

விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுக்கிறீர்கள். மின்விசிறி, அலமாரி, சுவர் எல்லாம் ராட்டினம்போலச் சுழல்கின்றன. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. குமட்டல் மட்டும் மிஞ்சுகிறது. வீட்டில் "பித்தம்" என்று இஞ்சிச்சாறு பிழிவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "பிரஷராக இருக்கும்" என்பார். ஆனால் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிற கிறுகிறுப்பு பெரும்பாலும் காதிலிருந்து வருவது.

உட்காதில் ஒரு சிறு பை இருக்கிறது. அதற்குள் கூழ் போன்ற படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. கிளிஞ்சலில் இருக்கும் அதே பொருள்தான். தலை சாயும்போது அவற்றின் எடை படலத்தை இழுக்க, எது மேல், எது கீழ் என்று மூளை அறிகிறது. பக்கத்திலேயே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள். அவற்றின் வேலை, தலை திரும்புவதைச் சொல்வது.

வயதாலோ தலையில் பட்ட அடியாலோ சில துகள்கள் உதிர்ந்து குழாய்க்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் பின்பக்கக் குழாயில். நீங்கள் படுத்ததும் அவை சரிந்து திரவத்தையும் இழுக்கின்றன. தலை அசையாமல் கிடக்க, அந்தக் காது மட்டும் "சுற்றுகிறோம்" என்று பொய்ச் செய்தி அனுப்புகிறது. மூளை அதை நம்பிக் கண்களை வெட்டி வெட்டி இழுக்க, அறையே சுழல்கிறது. துகள்கள் அடியில் தங்கியதும் சுற்றலும் நிற்கிறது.

குழாயில் சிக்கிய துகளை மாத்திரையால் நகர்த்த முடியாது. குமட்டலைக் குறைக்கும், அவ்வளவே. அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த மருத்துவர் ஜான் எப்லி, தலையைத் திருப்பியே துகளை வெளியேற்றும் முறையை 1992இல் வெளியிட்டார். பாதித்த காதுப்பக்கம் தலையை 45 பாகை திருப்பி, கட்டிலின் விளிம்புக்கு அப்பால் தலை சற்றே தொங்கும்படி படுக்கவைப்பார்கள். பிறகு தலையை மறுபக்கம் திருப்பி, உடலோடு உருட்டி, மூக்கு தரையை நோக்கும்வரை கொண்டுபோய், எழுப்பி உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். வளைந்த குழாயிலிருந்து கோலிக்குண்டை உருட்டி எடுப்பது போன்ற வேலை! பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தெரிகிறது. சிலருக்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ திரும்பவும் வரலாம். அப்போதும் இதே வைத்தியம்தான். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தாமாகச் செய்து பார்க்கவேண்டாம்.

சுற்றும்போது அசையாமல் உட்கார்ந்து, நிலையான ஒரு பொருளைப் பாருங்கள். ஏணியும் பைக்கும் சில நாள் வேண்டாம். காலையில் எழுந்ததும் கட்டிலோரம் சற்று உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் கைகால் பலவீனம், கடும் தலைவலி, நிற்கவே முடியாத தள்ளாட்டம் இவற்றுள் ஏதாவது ஒன்று கிறுகிறுப்போடு வந்தாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். திடீரென்று ஒரு காது மந்தமானாலும் தாமதிக்கக் கூடாது.

மற்றவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்போது, எந்தப் பக்கம் புரண்டதும் சுற்றியது, எத்தனை நொடி நீடித்தது என்று குறித்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.