டீசல் பம்பும் கார்பன் விலையும்: பாட்டத்துக்குப் பயிரிடுபவரின் கணக்கு

சென்ற ஆண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக்கு அருகே ஒரு வாழைத் தோட்டத்துக்குப் பம்பு செட்டைப் பார்ப்பதற்காகப் போயிருந்தேன். தலைக்கு மேலே காற்றாலையின் இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்க, அதன் தூணிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓலைக் கொட்டகைக்குள் 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் ஒன்று கரும்புகை விட்டபடி கிணற்றுநீரை ஏற்றிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனாலும் அந்தக் கிணற்றுக்கு மின் இணைப்பு இல்லை. நிலத்தின் உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். இணைப்புக்கு விண்ணப்பிப்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஏத்தன் வாழை போடுவதற்காக நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவரோ, தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. அவர்தான் என்னிடம் கேட்டார்: "சாரே, கார்பனுக்கு விலை போடுறாங்களாமே, அது நம்ம தலையிலயும் வந்து விழுமா?"

வேளாண் பொறியாளராக இந்த மாவட்டத்தின் வயல்களிலும் விளைகளிலும் பம்புகளைச் சோதித்து வரும் எனக்கு இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. கரியமில வாயுவை வெளியிடுபவர் அதற்கு ஒரு தொகையைச் செலுத்த வேண்டும் என்பதுதான் கார்பன் விலை. அதை டன்னுக்கு இவ்வளவு என்று வரியாகவே விதிக்கலாம். 1990இல் பின்லாந்து அப்படித்தான் தொடங்கியது. அல்லது தொழிற்சாலைகளுக்கு ஓர் அளவை வகுத்து, அதற்குக் கீழே நிற்பவர் மிச்சத்தை மீறியவருக்கு விற்கும்படி செய்யலாம். இந்தியாவில் 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய எரிசக்தி மேல்வரி 2016இல் 400 ரூபாயாக உயர்ந்து, அடுத்த ஆண்டே சரக்கு மற்றும் சேவை வரியின் இழப்பீட்டு மேல்வரிக்குள் கரைந்துபோனது. 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வணிகத் திட்டம் இரண்டாவது வழியைச் சேர்ந்தது. அது சிமெண்ட், அலுமினியம் போன்ற பெரிய தொழில்களுக்குத்தான் இலக்கு வைக்கிறது. விவசாயிக்கு அதில் எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆகவே நேரடியாக விழாது என்று அவரிடம் சொன்னேன். ஆனால் டீசலுக்கு என்றாவது கார்பன் விலை வைத்தால் என்ன ஆகும் என்று இருவரும் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளிவரும். டன்னுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 2 ரூபாய் 68 காசு கூடும். அவருடைய இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிறது. ஆண்டுக்கு 300 மணி நேரம் ஓடுகிறது. கூடுதல் சுமை ஆண்டுக்கு 804 ரூபாய். அதே 300 லிட்டருக்கு, லிட்டர் 90 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும், 27,000 ரூபாயை அவர் ஏற்கெனவே செலவிடுகிறார். அதில் கணிசமான பங்கு மத்திய, மாநில வரிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

27,000 ரூபாய் செலவு ஒருவரை டீசலை விட்டு நகர்த்தவில்லை என்றால், அதன்மேல் வரும் 804 ரூபாய் நகர்த்திவிடாது. கார்பன் விலை தொழிற்சாலையிடம் நன்றாக வேலை செய்யக்கூடும், ஏனென்றால் அங்கே மாற்று இயந்திரம் வாங்க மூலதனமும் கடனும் இருக்கின்றன. விவசாயியைத் தடுத்து நிறுத்துவது எரிபொருளின் விலை குறைவாக இருப்பதல்ல, மாறுவதற்கான மூலதனம் கையில் இல்லாததுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008இல் கார்பன் வரியைக் கொண்டுவந்துவிட்டு, 2014இல் பண்ணைகளுக்கான டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலக்கு அளித்தது. விலக்கு சுமையை இறக்கும், உண்மைதான். ஆனால் இன்ஜின் அதே இன்ஜினாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கார்பன் மூலம் திரளும் பணத்தின் ஒரு பகுதி உழவரின் மூலதனச் செலவுக்கு நேராக வந்து சேர வேண்டும் என்பதே என் கருத்து.

2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டம் அப்படிப்பட்ட மூலதன உதவிதான். சூரிய பம்பு செட்டின் விலையில் மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் ஏற்கின்றன. இங்கே வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக விண்ணப்பிக்கலாம். மீதித் தொகை விவசாயியுடையது. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் விண்ணப்பிப்பவர் பெயரில் கேட்கப்படுவதால் பாட்டத்துக்கு எடுத்தவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

இன்னொரு தடை நம் மாவட்டத்துக்கே உரியது: நிழல். விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் ரப்பரும் தென்னையும் வானத்தை மூடி நிற்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் மேகமூட்டமும் அதிகம். நானே ஒருமுறை கணிப்பில் தவறினேன். காலை பத்து மணிக்கு இடம் பார்த்து, நல்ல வெயில் என்று சூரியத் தகடுகளை நிறுத்தச் சொன்னேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு வரப்பில் நின்ற இரண்டு தென்னைகளின் ஓலை நிழல் ஒரு தகட்டின் மேல் விழுந்தது. தகடுகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தால் ஒன்றின் நிழல் தொடர் முழுவதையும் பிடித்து இழுக்கும். தண்ணீர் பாதியாகக் குறைந்தது. ஐந்து குதிரைத்திறன் பம்புக்கு ஏறக்குறைய ஒரு சென்ட் இடம் நிழலில்லாமல் வேண்டும். சென்ட் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்களிடம் அந்த ஒரு சென்ட் சிறிய விஷயமல்ல. இப்போதெல்லாம் காலை ஒன்பது, உச்சி, மாலை நான்கு என்று மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே இடத்தைச் சொல்கிறேன்.

புதிய பம்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இருக்கிற பம்பைச் சரிசெய்யுங்கள் என்பேன். வேண்டியது ஒரு 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும்தான். குழாயின் வாயில் டிரம்மை வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழித் தோட்டத்தில் 30 நொடி ஆனது. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வைத் தூக்கிப் பார்த்தால் சல்லடையில் பாசியும் வாழைச் சருகும் அடைத்திருந்தன. உறிஞ்சு குழாயில் தேவையில்லாத ஓர் எல்போ (வளைவு இணைப்பு) இருந்தது. வால்வை மாற்றி, எல்போவைக் கழற்றிக் குழாயை நேராக்கிய பிறகு டிரம் 22 நொடியில் நிரம்பியது. ஏறக்குறைய கால் பங்கு டீசல் அன்றே மிச்சம். எந்த மானியமும் தேவைப்படவில்லை.

உழவுக்கு இப்படி எளிய வழி எதையும் என்னால் காட்ட முடியவில்லை. சேற்றில் நாள் முழுவதும் உழைக்கும் பவர் டில்லருக்கு ஈடாக மின்கல வண்டி எதையும் நம் ஏலாக்களில் (நெல்வயல் வெளிகளில்) நான் இன்னும் காணவில்லை. யூரியாவும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதுதான்; ஆனால் 45 கிலோ மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு அரசு கட்டிவைத்திருக்கும் வரை கார்பன் விலை அந்த வழியாக வயலுக்குள் நுழையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. "உங்கள் ரப்பர் மரங்களுக்குக் கார்பன் பணம் வாங்கித் தருகிறோம்" என்று முன்பணமும் கையெழுத்தும் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு கார்பன் வரவு என்பது ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்ததற்கான கணக்கு. நம் பாட்டக்காரர் ஆண்டு முழுவதும் டீசலையே தொடாவிட்டாலும் சேமிப்பது 804 கிலோ. ஒரு வரவுக்குக்கூட எட்டாது. பல நூறு பேர் சேர்ந்தால்தான் அளப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் ஆகும் செலவே கட்டுப்படியாகும். திட்டம் வருவதற்கு முன்பே நின்றுகொண்டிருக்கும் மரத்துக்குப் பொதுவாக வரவு கிடைக்காது, திட்டத்தால் புதிதாக நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் மரத்தை வெட்டினால் யார் பொறுப்பு என்பதைத் தமிழில் எழுதித் தராதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆரல்வாய்மொழிக்காரர் நில உரிமையாளரிடம் பேசினார். விண்ணப்பம் உரிமையாளர் பெயரில். விவசாயியின் பங்குத் தொகையை இருவரும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். பாட்டக் காலம் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டு முத்திரைத்தாளில் எழுதப்பட்டது. தகடுகள் இப்போது தென்னைக்கு எட்டாத கிழக்கு மூலையில் நிற்கின்றன. டீசல் இன்ஜினை அவர் விற்கவில்லை. ஐப்பசியில் மழை இல்லாமல் மேகம் மட்டும் மூடிக்கிடந்த நாட்களில் நான்கு முறை அதை ஓட்டியதாகச் சொன்னார்.