ரோப் ஆக்சஸ் சான்றிதழ்: மயங்கியவரைக் கீழே இறக்கத் தெரியுமா?

உயரமான கட்டடங்களிலும் ஆலைகளிலும் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்யும் ரோப் ஆக்சஸ் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்கள், பயிற்சியாளனான என்னிடம் முதலில் கேட்பது லெவல் 1 என்ற முதல் நிலைச் சான்றிதழ் வாங்கினால் வளைகுடாவில் என்ன சம்பளம் கிடைக்கும் என்பதைத்தான். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வெல்டராகவோ பெயின்டராகவோ இருக்கும் ஒருவர், வீட்டு நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டும்போது அப்படிக் கேட்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அந்தச் சான்றிதழ் எதற்கு அத்தாட்சி என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. சேர்த்துவிடும் ஏஜென்ட் சொல்வதில்லை. வேலைக்கு எடுக்கும் ஒப்பந்ததாரரும் பல நேரங்களில் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பக்கத்துக் கயிற்றில் வேலை செய்பவர் அந்தரத்தில் மயங்கிவிட்டால் அவரைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவர இவரால் முடியும் என்பதற்கான அத்தாட்சி அது. மற்ற திறமைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

குகைகளுக்குள் இறங்குவோரும் மலையேறுவோரும் வளர்த்தெடுத்த கயிற்று நுட்பங்கள், 1980களில் வட கடலின் எண்ணெய் மேடைகளில் பராமரிப்பு வேலைக்குப் பயன்படத் தொடங்கின. கடலுக்கு மேல் சாரம் கட்டுவது பெருஞ்செலவு. அந்தச் சாரத்தைக் கட்டுவதும் பிரிப்பதுமே ஆபத்தான வேலைகள். கயிற்றில் இறங்கினால் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். இப்படி வேலை செய்துவந்த நிறுவனங்கள் பிரிட்டனில் ஒன்றுகூடி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஐராட்டா என்ற அமைப்பை உருவாக்கின. அமெரிக்காவில் ஸ்ப்ராட் என்ற அமைப்பு இதே பணியைச் செய்கிறது. ஐ.எஸ்.ஓ. 22846 என்ற பன்னாட்டுத் தரநிலையும் இத்துறைக்கென உண்டு. நம் ஊர் இளைஞர்கள் பெரும்பாலும் ஐராட்டா வழியாகவே வருவதால், அதை வைத்தே மேற்கொண்டு எழுதுகிறேன்.

இந்த முறையின் அடிப்படை விதி இரண்டு கயிறுகள். ஒன்று உடல் எடையைத் தாங்கும் வேலைக் கயிறு; மற்றொன்று அது அறுந்தாலோ, அதிலுள்ள கருவி செயலிழந்தாலோ விழாமல் பிடிக்கும் காப்புக் கயிறு. இரண்டும் தனித்தனி ஆங்கர்களில், அதாவது கயிற்றைக் கட்டும் உறுதியான பிடிப்பு இடங்களில், கட்டப்பட வேண்டும். வேலைக் கயிற்றில் டிசென்டர் என்ற இறங்கு கருவியும், காப்புக் கயிற்றில் கூடவே நகர்ந்து வந்து திடீர் இழுப்பில் பற்றிக்கொள்ளும் பேக்கப் கருவியும் இருக்கும். பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிமுறைகள், தனித்தனியாக ஆங்கர் செய்யப்பட்ட இரண்டு கயிறுகளையும் மீட்பு உள்ளிட்ட பயிற்சியையும் சட்டமாகவே வலியுறுத்துகின்றன. நம் நகரங்களிலோ, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டிய ஒற்றைக் கயிற்றில் பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து ஏழாவது மாடிச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர்களை இன்றும் பார்க்கிறோம். அவர்கள் துணிச்சலும் கைத்திறனும் மிக்க தொழிலாளர்கள். அவர்களுக்கு இரண்டாவது கயிற்றைக் கொடுக்காதது வேலை தந்தவர்களின் குற்றம்.

ஐராட்டாவில் மூன்று நிலைகள் உள்ளன. 18 வயது நிரம்பியவர் குறைந்தது 4 நாள் பயிற்சி எடுத்து, அடுத்த நாள் தேர்வுக்கு நிற்க வேண்டும். தேர்வு நடத்தும் அசெஸ்ஸர், பயிற்சி கொடுத்த நிறுவனத்தைச் சாராதவராக இருக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பலம். கட்டணம் வாங்கியவரே மதிப்பெண்ணும் போட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பேது? லெவல் 1 பெற்றவர் லெவல் 3 மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் மட்டுமே வேலை செய்யலாம். தன் ஹார்னஸ் (உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை), காரபைனர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி), கருவிகள் ஆகியவற்றைத் தானே சோதித்துப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. 1,000 மணி நேர வேலையும் குறைந்தது ஓராண்டு அனுபவமும் சேர்ந்த பிறகு லெவல் 2க்குச் செல்லலாம். அங்கே கயிறு கட்டும் அமைப்புகளும் சிக்கலான மீட்பு முறைகளும் கற்பிக்கப்படுகின்றன. மேலும் 1,000 மணி நேரமும் ஓராண்டும் கடந்தால் லெவல் 3. அவர் முதலுதவிச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பணியிடத்தின் பாதுகாப்பும் மீட்பும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு சான்றிதழும் 3 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும்.

லெவல் 1 தேர்வில் பலரும் தடுமாறும் இடம் மீட்புதான். இறங்கும் நிலையில் மயங்கியவராக ஒருவர் கூரைக்கும் தரைக்கும் நடுவில் அசையாமல் தொங்குவார். தேர்வர் பக்கத்துக் கயிறுகளில் அவருக்கு அருகே வந்து, அவருடைய ஹார்னஸைத் தன் அமைப்போடு இணைத்து, அவருடைய டிசென்டரை மெல்லத் திறந்து எடையைத் தன் பக்கம் மாற்ற வேண்டும். இப்போது இருவரின் எடையும் ஒரே டிசென்டரில் இருப்பதால், கயிற்றைக் கூடுதலாக ஒரு காரபைனர் வழியே செலுத்தி உராய்வைக் கூட்டிய பின்பே இறங்கத் தொடங்க வேண்டும். எழுதும்போது எளிதாகத் தெரியும் இந்த வரிசையில், ஒரு நொடி அவசரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பதற்றத்தில் இருக்கும் தேர்வர், மயங்கியவருக்கு இரண்டாவது இணைப்பைக் கொடுக்காமலே அவருடைய பேக்கப் கருவியைக் கழற்றிவிடுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கணத்தில் மயங்கியவர் ஒரே ஒரு இணைப்பில் தொங்குகிறார். அசெஸ்ஸர் அங்கேயே நிறுத்திவிடுவார். அந்தத் தேர்வு முடிந்தது. கடுமையாகத் தோன்றினாலும் இதுவே சரி என்பது என் உறுதியான கருத்து. எப்போதும் இரண்டு இணைப்புகள் என்பது உடம்பில் ஊறியிருக்க வேண்டும். மழையிலும் காற்றிலும், மேலே ஒருவர் அலறிக்கொண்டிருக்கும்போதும் கை தானாகவே அந்த வரிசையில் செல்லும் அளவுக்கு ஊற வேண்டும்.

இவ்வளவு அவசரமாக ஏன் மீட்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு உடலியல் ரீதியான காரணம் இருக்கிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, கால்களில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்கு அந்தத் தசை வேலை நின்றுவிடுவதால் இரத்தம் கால்களிலேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. தலைசுற்றல், வியர்வை, குமட்டல், பின் மயக்கம் என்று நிலை சில நிமிடங்களிலேயே மோசமாகலாம். தரையில் மயங்குபவர் கீழே விழுந்து படுத்துவிடுவதால் மூளைக்கு இரத்தம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஹார்னஸோ அவரை நிமிர்ந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருப்பது, ஆகையால், மீட்புத் திட்டம் ஆகாது. கயிற்றில் ஏறும் குழுவுக்குள்ளேயே மீட்பவர் இருக்க வேண்டும். குழுவில் குறைந்தது இருவர், அவர்களில் ஒருவராவது லெவல் 3 என்று ஐராட்டா வைத்திருக்கும் விதிக்குப் பொருள் இதுவே.

இங்கே ஒரு பழைய தவறான நம்பிக்கையையும் குறிப்பிட வேண்டும். தொங்கியவரைக் கீழே இறக்கியதும் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைத்தே வைத்திருக்க வேண்டும் என்று முன்பு பல பயிற்சிகளில் சொல்லித் தந்தார்கள். தேங்கிய இரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குப் பாயும் என்பது அதற்குச் சொன்ன காரணம். பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ. 2009இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், மயங்கியவரைப் படுக்க வைத்து வழக்கமான முதலுதவியே செய்ய வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. இன்னும் பழைய பாடத்தையே நடத்தும் இடங்கள் இருப்பதை மாணவர்கள் சொல்லிக் கேட்கிறேன், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

மேல் நிலைகளில் ஏன் இத்தனை மணி நேர அனுபவம் கேட்கிறார்கள் என்பதற்கு ஆங்கர் ஒன்றே போதுமான விளக்கம். ஓர் ஆங்கர் குறைந்தது 15 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் தாங்க வேண்டும் என்பது ஐராட்டாவின் நெறி. இரண்டு ஆங்கர்களுக்கு இடையே எடையைப் பகிர்ந்து கட்டும்போது, அவற்றிலிருந்து வரும் கயிறுகளுக்கு நடுவிலுள்ள கோணம் 90 பாகையாக இருந்தால், 100 கிலோ எடைக்கு ஒவ்வொரு ஆங்கரிலும் ஏறத்தாழ 71 கிலோ விழும். கோணம் 120 பாகையை எட்டினால் ஒவ்வொன்றும் முழு 100 கிலோவையும் சுமக்கும். அதற்கு மேலும் விரிந்தால் சுமை எடையையே தாண்டிவிடும். பகிர்ந்துகொள்வதற்காகக் கட்டியது பயனற்றுப் போய்விடுகிறது. இந்தக் கணக்கை வகுப்பில் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் துருப்பிடித்த உத்தரத்தையும் புதிதாகப் பூசிய கைப்பிடிச் சுவரையும் பார்த்து எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று முடிவெடுக்கும் கண், பல பணியிடங்களில் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் நின்றால்தான் வாய்க்கும்.

அதனால்தான், கயிற்றில் வேலை செய்த நேரத்தைப் பதிவு செய்யும் லாக்புக்கில் பொய் மணிக்கணக்கு எழுதுவதை நான் மன்னிப்பதில்லை. இத்துறையில் இருக்கும் எவருக்கும் இது தெரியும்: ஆறு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவரின் லாக்புக்கில் அந்த ஆறு மாதத்துக்கும் மணிகள் ஏறியிருக்கும், நட்புக்காக ஒரு லெவல் 3 கையெழுத்திட்டிருப்பார். காற்று அடித்து வேலை நின்ற நாட்களும் சாப்பாட்டு இடைவேளைகளும்கூட மணிகளாக மாறியிருக்கும். எல்லாரும் செய்கிறார்கள், சம்பளம் ஏறினால் யாருக்கு நட்டம் என்று கேட்கிறார்கள். அப்படி லெவல் 3 ஆனவர், 40 மீட்டர் உயரத்தில் ஒருவர் மயங்கும் நாளில் முதன்முறையாக ஓர் உண்மையான மீட்பைத் தானே முடிவெடுத்து நடத்த வேண்டியிருக்கும். அவருக்குக் கீழே தொங்குபவரும் யாரோ ஒரு வீட்டின் மகன். கையெழுத்துக் கேட்டு வரும் தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான்: நீ என் கண்முன் செய்த வேலைக்கு ஒரு மணி நேரம்கூடக் குறைக்க மாட்டேன், செய்யாத வேலைக்கு ஒரு மணி நேரம்கூடப் போட மாட்டேன்.

கட்டடத்தின் மேலாளரோ ஆலையின் பொறியாளரோ இதைப் படித்தால், அவர்களுக்கும் வேலை இருக்கிறது. விழக்கூடிய உயரத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யும் கடமையைப் பற்றி, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவே பேசியது. ஒப்பந்ததாரர் கொடுக்கும் ஜெராக்ஸை வாங்கிக் கோப்பில் போடுவதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. ஐராட்டாவின் இணையதளத்தில், தொழிலாளியின் ஐராட்டா எண்ணைக் கொண்டு அவருடைய நிலையையும் சான்றிதழின் காலத்தையும் சரிபார்க்கலாம். சில நிமிட வேலைதான். லெவல் 3 யார், அவர் தளத்திலேயே இருக்கிறாரா, மீட்புக்கென மேலே தனியாக என்ன கட்டி வைத்திருக்கிறார் என்று நேரில் கேளுங்கள். சரியான குழு இந்தக் கேள்வியை வரவேற்கும். கயிறு மாடி விளிம்பில் உரசும் இடத்தில் காப்பு உறை போட்டிருக்கிறதா, கயிற்றின் கீழ் நுனியில் முடிச்சு இருக்கிறதா என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த முடிச்சு இல்லையென்றால், கயிறு தரையைத் தொடாத இடத்தில் டிசென்டர் கயிற்றின் நுனியைத் தாண்டி வெளியே வந்துவிடும்.

சுவர் சுத்தம் செய்யும் வேலைகளில் எனக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. டைல்ஸிலும் கண்ணாடியிலும் படிந்த சிமென்ட் கறையை எடுக்க நம் ஊரில் ஆசிட் ஊற்றுகிறார்கள். இத்தொழிலில் பயன்படும் கயிறுகளில் பெரும்பாலானவை நைலான். நைலானை ஆசிட் அரித்துவிடும். வெட்டுப்பட்ட கயிறு கண்ணுக்குத் தெரியும். ஆசிட் பட்ட கயிறோ காய்ந்த பிறகு பார்வைக்கு நன்றாகவே இருக்கக்கூடும். ஆசிட் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தக் கயிற்றை ஒதுக்கி, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி துண்டுகளாக வெட்டிவிட வேண்டும். விலையுயர்ந்த கயிறாயிற்றே என்று தயங்கும் ஒப்பந்ததாரரிடம் லெவல் 3 உறுதியாக நிற்க வேண்டும்.

முப்பந்தல், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள், தங்களிடம் ஜி.டபிள்யூ.ஓ. என்ற பன்னாட்டுக் காற்றாலைத் துறை அமைப்பின் உயரப் பணிச் சான்றிதழ் இருப்பதால் கயிற்று வேலைக்கும் அது போதும் என்று எண்ணுகிறார்கள். போதாது. அது கோபுரத்துக்குள் ஏணியில் ஏறுவதற்கும் அங்கிருந்து தப்பிப்பதற்கும் உரிய குறுகிய பயிற்சி. இறக்கையில் தொங்கிப் பழுதுபார்ப்பவருக்கு ரோப் ஆக்சஸ் சான்றிதழ் தனியாக வேண்டும்.

பணம் கட்டும் முன் பயிற்சி மையத்துக்கு நேரில் சென்று, ஒரு நாள் வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவர் கயிற்றில் இருக்கும்போது மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் வேறு இடம் தேடுங்கள். ஐராட்டா உறுப்பினர் பட்டியலில் அந்த மையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சான்றிதழ் பெற்று, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி ஆறு மாதமோ அதற்கு மேலோ கயிற்றில் ஏறாமல் இருப்பவர்கள், சான்றிதழின் தேதி இன்னும் முடியவில்லை என்பதற்காக நேராக வேலைக்குச் சென்றுவிடக் கூடாது. அதற்கு முன் ரிஃப்ரெஷர் பயிற்சி எடுக்க வேண்டும் என்று ஐராட்டாவே விதி வைத்திருக்கிறது. அந்தப் பயிற்சிக்குப் போகும்போது, முதல் நாளிலேயே மயங்கியவரை இறக்கும் பயிற்சியைத் தொடங்கச் சொல்லி உங்கள் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.